மேட்டாங்காட்டுக்கு எந்த அவரை? விளைச்சல், மஞ்சள் தேமல், சத்தில்லாத மண்

கோட்டத்தறை மேட்டாங்காடு | ஜூன் 9

எல்லோருக்கும் வணக்கம். கேரளத்து அட்டப்பாடியில் கிழக்குப் பக்கம், கோட்டத்தறைக்கு அருகில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு இருக்கிறது. சரளை கலந்த செம்மண். கடப்பாரையை இறக்கினால் ஒரு முழத்துக்குள் பாறை தட்டும். கிணறு கிடையாது, முழுக்க மானாவாரி. மேற்கே முக்காலிப் பக்கம் கொட்டுகிற மழை எங்களிடம் வந்து சேர்வதில்லை. ஆடியில் தூறல், ஐப்பசியில் கொஞ்சம் நல்ல மழை, அவ்வளவுதான்.

போன வருடம் மச்சான் பேச்சைக் கேட்டுக் கடையில் செடி அவரை விதை வாங்கிப் போட்டேன். அவர் காடு கொழிஞ்சாம்பாறையில். சொட்டுநீர், வண்டி வண்டியாகக் குப்பை எல்லாம் உண்டு. வாரம் இரண்டு தடவை காய் பறித்தார். அதே விதை என் காட்டில் முப்பதாவது நாளே இலையெல்லாம் மஞ்சள் திட்டு விழுந்து நின்றது. பாதிச் செடி போய்விட்டது. மீதிச் செடி முழங்கால் உயரம்கூட வராமல் பூத்தது. அந்த நேரம் பார்த்து வெயில், பூ எல்லாம் கொட்டிவிட்டது. இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து வீட்டுக் குழம்புக்குத்தான் காய் தேறியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) மண் கொடுத்து மண் பரிசோதனை அட்டை வாங்கியிருக்கிறேன். பி.எச். 6.2. கரிமச்சத்து குறைவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவு.

நன்றாகக் காய்க்க வேண்டும், மஞ்சள் நோயைத் தாங்க வேண்டும், இந்த மண்ணிலும் வர வேண்டும். அப்படி ஓர் அவரை இருக்கிறதா? தட்டைப்பயறானாலும் சரி. ஆடிப்பட்டத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.


கொழிஞ்சாம்பாறை சொட்டுநீர் | ஜூன் 9

தம்பி, ரகத்தின் மேல் குற்றம் சொல்லாதீங்க. செடி அவரை என்பது தண்ணீரும் எருவும் கொடுத்து வளர்க்கிறவனுக்காக உருவாக்கியது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 13, கோ 14, பெங்களூர் ஹெப்பாள் அவரை எச்.ஏ. 3, எச்.ஏ. 4 எல்லாம் பகல் நீளத்தைப் பார்க்காமல் பூக்கும் ரகங்கள். எந்த மாதம் போட்டாலும் ஒன்றரை மாதத்தில் பூ. அதனால்தான் வருடம் முழுக்கச் சந்தைக்குக் காய் அனுப்ப முடிகிறது. நாட்டு அவரை தை மாதம் ஊருக்கே ஒரே நேரத்தில் காய்க்கும், விலை தரையில் கிடக்கும். நான் ஆனி, ஆவணியில் காய் அனுப்புகிறேன். அந்த விலை தையில் யாருக்கும் கிடைக்காது.

மண் சரியில்லை என்றால் மண்ணைச் சரி பண்ணுங்க. சத்தில்லாத மண்ணைத் தாங்குகிற ரகம் வேண்டும் என்று தேடுவதே எனக்குச் சரியாகப் படவில்லை.


சோலையூர் அவரைக்கொடி | ஜூன் 10

கோட்டத்தறை தம்பிக்கு, உங்கள் காடு மாதிரியேதான் எங்கள் காடும். எங்கள் அம்மா காலத்தில் பஞ்சக்காடு என்கிற கலப்புப் பயிர்க் காட்டில் ராகி, சாமை, துவரை, அவரை, கடுகு எல்லாம் ஒன்றாக விதைப்போம். அவரையைத் தனியாக யாரும் போட்டதில்லை. ராகி அறுத்த பிறகுதான் அவரைக்கொடிக்கு இடமும் வெயிலும் கிடைக்கும். அப்போது துவரைச் செடி மேல் ஏறிக்கொள்ளும். பந்தல் போட்டதே இல்லை.

ஆட்டுக்கொம்பு அவரை கேள்விப்பட்டிருப்பீர்கள். காய் ஆட்டின் கொம்பு மாதிரி வளைந்து, ஊதா ஓடிய நிறத்தில் இருக்கும். 2022-இல் அட்டப்பாடித் துவரையோடு சேர்த்து இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கிடைத்த பிறகுதான் பலர் விதை கேட்டு வருகிறார்கள். இந்த மண்ணில் எத்தனையோ பஞ்சத்தைப் பார்த்த விதை அது.

அம்மா விதை எடுக்கும் முறையைச் சொல்கிறேன். காட்டிலேயே மிக மோசமான மூலை எது என்று அவருக்குத் தெரியும். பாறைக்கு மேல் இரண்டு சாண் மண் இருக்கிற இடம். அங்கே தனியாக நின்று காய்த்த கொடியில் சிவப்புத் துணி கட்டிவிடுவார். அந்தக் கொடிக் காயை யாரும் பறிக்கக்கூடாது. விதைக்கு அதுதான். குப்பைமேட்டுப் பக்கம் தழைத்து நிற்கிற கொடி எவ்வளவு காய்த்தாலும் அது குழம்புக்கு மட்டும். "அது குப்பையோட காய்ப்பு, கொடியோட காய்ப்பு இல்ல" என்பார்.


வேலந்தாவளம் கரிசல் | ஜூன் 10

இழையைப் படித்ததும் ஒரு சந்தேகம். என் காட்டிலும் தட்டைப்பயறு மஞ்சளடிக்கிறது. நானும் மஞ்சள் தேமல் என்று நினைத்துப் பாதிச் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டேன். பக்கத்துக் காட்டுக்காரர் அது நோயே இல்லை என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?


ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் | ஜூன் 10

வேலந்தாவளத்துக்கு முதலில் பதில், ஏனென்றால் செடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்துங்கள். பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவின் கரிசல் பல இடங்களில் சுண்ணாம்புள்ள கார மண். அதில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அப்போது கொழுந்து இலை முழுவதும் ஒரே சீராக வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மஞ்சள் தேமல் அப்படி இருக்காது. பளிச்சென்ற மஞ்சள் திட்டும் பச்சைத் திட்டும் கலந்து, ஒழுங்கில்லாமல், ஒரே இலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். காட்டில் நோய்ச் செடி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிப் பரவும். இரும்புக் குறை மழைக்குப் பின் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் பட்டையாக வரும். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் இலை பச்சைக்குத் திரும்பினால் அது நோயே இல்லை.


வேலந்தாவளம் கரிசல் | ஜூன் 10

பள்ளத்தில்தான் ஐயா. பட்டையாகத்தான் இருக்கிறது. நன்றி.


ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் | ஜூன் 11

இப்போது கோட்டத்தறைத் தம்பிக்கு. நீங்கள் மூன்று கேள்வியை ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் பிரித்தால்தான் விடை கிடைக்கும்.

மண்ணில் தொடங்குகிறேன். மணிச்சத்து மண்ணுக்குள் நகராது. தண்ணீரோடு ஓடி வேரைத் தேடி வராது, வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். அதிலும் அது மேல் மண்ணில்தான் அதிகம். பீன்ஸ் வேர்களை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: மணிச்சத்துக் குறைந்த மண்ணில் நன்றாக வருகிற ரகங்கள் பக்க வேர்களை மேலாக, கிடையாகப் பரப்புகின்றன. நல்ல சேதிதான். ஆனால் வறட்சியைத் தாங்குகிற ரகம் வேரை ஆழத்துக்கு இறக்குகிறது. உங்கள் காட்டில் இரண்டு குறையும் இருக்கிறது. அதனால் வறட்சி தாங்கும் என்று எழுதிய விதைப்பை உங்கள் மணிச்சத்துப் பிரச்சினைக்கு விடை ஆகாது. உங்கள் காட்டில் எந்த வேர் ஜெயிக்கும் என்பதை உங்கள் காடுதான் சொல்லும்.

அடுத்தது தழைச்சத்து (நைட்ரஜன்). பயறு தானே தயாரித்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்வோம். அது வேர்முடிச்சில் இருக்கிற நுண்ணுயிரைப் பொறுத்தது. தட்டைப்பயறுக்கும் அவரைக்கும் ஏற்ற நுண்ணுயிர் நம் மேட்டாங்காடுகளில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். மலையில் போடும் பீன்ஸ் அப்படி இல்லை, தழைச்சத்து எடுப்பதில் அது சோம்பேறி. 35, 40 நாளில் நான்கு செடியை மண்கட்டியோடு தோண்டி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. வெள்ளை அல்லது பச்சை என்றால் செடிக்குப் பயன் இல்லை. மணிச்சத்து ரொம்பக் குறைந்தால் முடிச்சே சரியாகக் கட்டாது. யூரியாவைக் கொட்டினாலும் கட்டாது, கொடி மட்டும் ஓடும். ஒரு ரகம் உங்கள் மண்ணில் முடிச்சுக் கட்டுகிறதா என்று பார்ப்பது பாதித் தேர்வு.

நோய். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். ஒரு செடி நோயில்லாமல் நின்றால் அதற்கு மூன்று காரணம் இருக்கலாம். அதற்குள் வைரஸ் பெருக முடியாமல் இருக்கலாம். வைரஸ் இருந்தும் காய்க்கிற தெம்பு இருக்கலாம். அல்லது அந்த வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈயே அதன் பக்கம் வராமல் தப்பித்திருக்கலாம். முதல் இரண்டும் விதையில் வருவது. மூன்றாவது வெறும் அதிர்ஷ்டம், அடுத்த வருடம் கைவிட்டுவிடும். அதனால் ஆராய்ச்சிப் பண்ணையில் நோய் வாங்கும் ரகத்தை வேண்டுமென்றே நடுநடுவே ஒரு சால் போடுவார்கள். வெள்ளை ஈ அதில் ஏறி, எல்லா ரகத்துக்கும் நோயைச் சமமாகப் பங்கு போடும். நீங்களும் போன வருடம் கெட்டுப்போன அந்தச் செடி அவரையையே நாலு சாலுக்கு ஒரு சால் போடுங்கள். அது கெட்டுப் போவதுதான் அதன் வேலை.

விளைச்சலைக் கடைசியில் வைத்தேன். எருப் போட்ட பாத்தியில் முதலில் வந்த ரகம் எருவில்லாத பாத்தியில் கடைசிக்குப் போவதை என் பணிக்காலத்தில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எருப் போட்ட இடத்தில் தேர்வு செய்தால் வேறொருவர் காட்டுக்குத்தான் ரகம் தேர்ந்தெடுப்பீர்கள்.


கொழிஞ்சாம்பாறை சொட்டுநீர் | ஜூன் 11

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். மணிச்சத்தைத் தேடி எடுக்கிற ரகம் என்றால், மண்ணில் மிச்சம் இருப்பதையும் அது சுரண்டி எடுத்துவிடும் இல்லையா? ஐந்து வருடம் கழித்துத் தம்பி காடு இன்னும் மோசமாகும். விதையை மாற்றினால் போதும் என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிடாதீங்க.


ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் | ஜூன் 11

நியாயமான கேள்வி. சுரண்டும்தான். பருப்போடு வெளியே போகிற மணிச்சத்து திரும்பி வராது. கொடியையும் தழையையும் காட்டிலேயே மடக்கினால் அல்லது ஆட்டுக்குப் போட்டு அந்தப் புழுக்கையைத் திருப்பிக் கொண்டுவந்தால் இழப்பு குறையும். கொஞ்சம் ராக் பாஸ்பேட்டோ எலும்புத்தூளோ போட்டே ஆக வேண்டும். ஆனால் போடுகிற கொஞ்சத்தையும் எடுத்துக்கொள்ளத் தெரிந்த வேர் இருந்தால்தானே அந்தக் காசு வீணாகாது? ராக் பாஸ்பேட் புளிப்பு மண்ணில்தான் கரையும். பி.எச். 6.2-இல் மெதுவாகத்தான் கரையும், அதனால் தொழு உரத்தோடு கலந்து ஊற வைத்துப் போடுங்கள்.


வட்டவடை கொடிபீன்ஸ் | ஜூன் 13

நான் மலையில் பீன்ஸ் போடுகிறவன். அவரை எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் சொல்ல ஒன்று இருக்கிறது. எங்களுக்கு வெள்ளை ஈ பெரிய பிரச்சினை இல்லை. பனியும் மேகமும் இறங்கினால் துரு நோயும் கருங்காய் நோயும்தான். கருங்காய் நோய் விதையிலேயே வரும். காயில் கறுப்புக் குழி விழுந்த ஒரு கொடியிலிருந்து விதை எடுத்தால் அடுத்த வருடம் காடு முழுக்க அதை நாமே விதைத்த மாதிரி. அவரைக்கும் அந்தப் பூசணம் உண்டு. அதனால் சோலையூர் அக்கா சொன்ன சிவப்புத் துணியோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: துணி கட்டிய கொடியில் ஒரு காயில் குழி தெரிந்தாலும் துணியை அவிழ்த்துவிடுங்கள். மனசு வராது. எனக்கும் வந்ததில்லை, மூன்று வருடம் அதனால் நஷ்டப்பட்டேன்.

பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா அனூப் துருவையும் பாக்டீரியா இலைக்கருகலையும் தாங்குகிற ரகம். எங்கள் மேட்டில் துரு ஏறாமல் நின்றது. ஆனால் செடி வகை. எங்களுக்குக் கொடிதான் கட்டுபடி ஆகும், குச்சி நட கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரம் சுற்றிலும் நிற்கிறது. ஆப்பிரிக்காவில் ருவாண்டாவிலும் இதே கதைதான். நிலம் குறைவு என்பதால் கொடி பீன்ஸைப் பரப்பினார்கள், செடி பீன்ஸைவிட நன்றாகவே காய்த்தது, ஆனால் குச்சிக்குத் தவித்தார்கள்.

அங்கே 1980-களின் கடைசியில் இன்னொன்றும் செய்தார்கள். பீன்ஸில் கைதேர்ந்த கிராமத்துப் பெண்களை ஆராய்ச்சிப் பண்ணைக்கே அழைத்து, ரகம் முடிவாவதற்கு முன்பே அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வாழைக்கு அடியில் நிழலில் வருமா, மழையில் அழுகுமா, இலை கீரைக்கு ஆகுமா என்றெல்லாம் அவர்கள் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துப்போன ரகங்கள் அவரவர் காட்டில் நன்றாக நின்றன. விஞ்ஞானி காய் எடையைப் பார்க்கிற இடத்தில் அந்தப் பெண்கள் வீட்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். எங்கள் கோவிலூரில் அப்படி யாராவது கேட்டிருந்தால் எத்தனை பாட்டிமார் எத்தனை சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.


சோலையூர் அவரைக்கொடி | ஜூன் 13

வட்டவடை அண்ணா எழுதியதைப் படித்ததும் மகாராஷ்டிரத்து ராஹிபாய் போபரே நினைவுக்கு வந்தார். அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில் ஒரு மலைக் கிராமம் அவருடையது. பள்ளிக்கூடம் போகாதவர். அவரை வகைகளை மட்டுமே எத்தனையோ சேர்த்து வைத்திருக்கிறார். 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் அம்மாவுக்கு அவர் படத்தைக் காட்டினேன். படத்தில் தொங்கிய அவரைக் காய்களைத்தான் முதலில் பார்த்தார்.


கோட்டத்தறை மேட்டாங்காடு | ஜூன் 15

எல்லோருடைய பதிலையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முடிவு இது. இந்த வருடம் ஒன்றே முக்கால் ஏக்கரில் வழக்கம்போல ராகியும் துவரையும். மீதி 25 சென்டில் பரிசோதனை. அக்காவிடமிருந்து ஆட்டுக்கொம்பு அவரை, ஆனைகட்டியில் ஒரு பாட்டியிடமிருந்து வெள்ளைப் பூ நாட்டு அவரை, அப்புறம் எச்.ஏ. 4. கூடவே பட்டாம்பி ஆராய்ச்சி நிலையத்துக் கனகமணி தட்டைப்பயறு. நடுவில் பழைய செடி அவரை, கெட்டுப் போவதற்காக.

எத்தனை சால் போடுவது, எப்படி அடுக்குவது?


ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் | ஜூன் 15

ஒவ்வொரு ரகமும் மூன்று இடத்தில் வர வேண்டும். ஒன்று மேட்டில், ஒன்று நடுவில், ஒன்று பள்ளத்தில். ஒரே இடத்தில் போட்டால் மண்ணின் குணத்தை ரகத்தின் குணம் என்று எண்ணிவிடுவீர்கள். வரிசையைச் சீட்டுப் போட்டு மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் குழி. எரு எதற்கும் வேண்டாம், அல்லது எல்லாவற்றுக்கும் ஒரே பிடி. பரிதாபப்பட்டு வாடிய ஒரு சாலுக்கு மட்டும் குடம் தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்த ஒரு குடம் முழு வருடத்தையும் கெடுத்துவிடும்.

ஒரு நோட்டு போடுங்கள். முளைத்த செடி எத்தனை, முதல் பூ எந்த நாள், 30-ஆம் நாளும் 50-ஆம் நாளும் மஞ்சளடித்த செடி எத்தனை, முடிச்சின் நிறம், காய்ந்த பருப்பின் எடை. இவ்வளவு போதும்.

நாட்டு அவரை பகல் சுருங்கும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் கார்த்திகையை ஒட்டித்தான் பூ. முன்னதாகப் போட்டால் கொடி பெரிதாகும், தண்ணீரையும் அதிகம் குடிக்கும். உங்கள் மண்ணில் ஆடிக் கடைசி சரியாக இருக்கும்.


கொழிஞ்சாம்பாறை சொட்டுநீர் | ஜூன் 16

தம்பி, பரிசோதனைக்கு எச்.ஏ. 4 விதை நான் தருகிறேன், காசு வேண்டாம். நோட்டை மட்டும் மறக்காமல் இங்கே போடுங்க. என் பேச்சு தப்பென்றாலும் தெரிந்துகொள்ள வேண்டும்.


கோட்டத்தறை மேட்டாங்காடு | செப்டம்பர் 20

நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் 10 விதைத்தேன். மயில் வந்து பள்ளத்துப் பாத்தியில் முளைத்ததையெல்லாம் கொத்திவிட்டது. மூன்றில் ஒரு பங்கு கணக்கே போய்விட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மேட்டிலும் நடுவிலும் 40-ஆம் நாள் தோண்டிப் பார்த்தேன். கனகமணியில் முடிச்சு கொத்துக் கொத்தாக இருக்கிறது, கீறினால் ரத்தச் சிவப்பு. ஆட்டுக்கொம்பில் முடிச்சு குறைவு, ஆனால் பெரிது, உள்ளே இளஞ்சிவப்பு. எச்.ஏ. 4-இல் மேட்டுப் பாத்தியில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, நடுப் பாத்தியில் உண்டு. பழைய செடி அவரை சொன்னபடி மஞ்சளடித்துவிட்டது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

பக்கத்தில் இருந்தும் ஆட்டுக்கொம்பில் மஞ்சள் திட்டு மூன்றே செடியில். வெள்ளைப் பூ அவரையில் பாதிக்கு மேல் மஞ்சள். நாட்டு ரகம் என்றாலே நோய் வராது என்று நம்பியிருந்தேன். அது இல்லை.


ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் | செப்டம்பர் 20

மயில் போனதை நோட்டில் எழுதிவிடுங்கள். பள்ளத்து எடையை மற்றதோடு சேர்க்க வேண்டாம். வெள்ளைப் பூ அவரையைப் பிடுங்காதீர்கள். மஞ்சளடித்தும் காய்க்கிறதா என்று பார்க்க வேண்டும்.


வேலந்தாவளம் கரிசல் | செப்டம்பர் 21

என் தட்டைப்பயறுக்கு அன்னபேதி இரண்டு முறை தெளித்தேன். அப்போதே பச்சை திரும்பிவிட்டது. எரித்த செடிகளை நினைத்தால் இன்னும் வருத்தம். தம்பி, மயிலுக்கு நாங்கள் விதைத்த சாலின் மேல் முள் இலந்தைக் கிளையை இருபது நாள் பரப்பி வைப்போம். செடி நாலு இலை விட்டதும் எடுத்துவிடலாம்.


கோட்டத்தறை மேட்டாங்காடு | ஜனவரி 24

காய்ந்த பருப்பு எல்லாம் தட்டி எடை போட்டாயிற்று. மேட்டுப் பாத்தியையும் நடுப் பாத்தியையும் மட்டும் கணக்கில் எடுத்தேன்.

கனகமணி எல்லாவற்றுக்கும் முன்னால் முடிந்தது. மேட்டில்கூடக் காய் பிடித்தது. எடையில் இரண்டு பாத்தியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐப்பசி மழையில் நாலைந்து செடி தண்டோரத்தில் அழுகிப் போனது.

எச்.ஏ. 4 நடுப் பாத்தியில் பச்சைக் காயாகவே மூன்று தடவை பறித்தேன், ஆனைகட்டிச் சந்தையில் அந்த நேரம் அவரை யாரிடமும் இல்லை. நல்ல விலை. கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொன்னது அதில் உண்மை. ஆனால் மேட்டுப் பாத்தியில் அதே ரகம் செடிக்கு மூன்று காய்கூடத் தரவில்லை.

ஆட்டுக்கொம்பு கார்த்திகை வரை ஒன்றுமே தராமல் நின்றது. அம்மாகூடப் பிடுங்கிவிடலாமா என்றார். மார்கழி பிறந்ததும் காய்க்கத் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. பனிதான் அதற்குத் தண்ணீர் போல. மேட்டுப் பாத்தியில் எல்லா ரகத்தையும்விட இதுதான் அதிகம், இன்னும் பறிக்க இருக்கிறது.

வெள்ளைப் பூ அவரை மஞ்சளடித்த கொடியிலும் காய் வந்தது, ஆனால் பருப்பு சிறுத்துச் சுருங்கியிருக்கிறது. எடை குறைவு. வேக வைத்தால் ருசி அதில்தான். அம்மா விடமாட்டேன் என்கிறார். வீட்டோரம் நாலு குழி போட்டுக்கொள்வோம்.

அடுத்த வருடம் மேட்டில் ஆட்டுக்கொம்பு, நடுவில் கொஞ்சம் எருவோடு எச்.ஏ. 4, ராகிக்கு ஊடே கனகமணி. ஒரே ரகத்தை இரண்டு ஏக்கருக்கும் போடுகிற எண்ணத்தை விட்டுவிட்டேன்.


கொழிஞ்சாம்பாறை சொட்டுநீர் | ஜனவரி 24

நோட்டைப் போட்டதற்கு நன்றி தம்பி. மேட்டில் செடிக்கு மூன்று காய் என்பதை எதிர்பார்க்கவில்லை. சொட்டுநீர் எட்டாத மூலை என் காட்டிலும் பத்து சென்ட் இருக்கிறது, இதுவரை சும்மா கிடந்தது. ஆட்டுக்கொம்பு விதை ஒரு படி கிடைக்குமா? விதையை இப்படிக் கைமாற்றிக்கொள்வதில் சட்டப் பிரச்சினை ஏதாவது உண்டா?


ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் | ஜனவரி 25

இல்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உழவர் தன் விளைச்சலிலிருந்து விதை வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உரிமை தருகிறது. பதிவான ரகத்தின் விதையை வணிகப் பெயர் ஒட்டிப் பையில் போட்டு விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

தம்பி, ஒரு வருடக் கணக்கு ஒரு வருட மழையின் கணக்கு. ஐப்பசி மழை தவறினால் வரிசை மாறலாம். அடுத்த ஆடியிலும் ஒரு பத்து சென்டில் அதே நான்கையும் போடுங்கள். அவரைப் பூவுக்குக் கருவண்டு வரும், கொஞ்சம் கலப்பு ஆகும். விதைக்கு வைக்கிற ஆட்டுக்கொம்பை மற்ற அவரையிலிருந்து தள்ளிப் போடுங்கள். தட்டைப்பயறுக்கு அந்தக் கவலை குறைவு.


சோலையூர் அவரைக்கொடி | ஜனவரி 25

விதையைச் செம்மண் கட்டி வையுங்கள் தம்பி. செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பருப்பில் புரட்டி, வெயிலில் நன்றாகக் காய வைத்துப் பானையில் போட்டு, மேலே சாம்பல். வண்டு துளைக்காது. துணி கட்டிய கொடி எத்தனை?


கோட்டத்தறை மேட்டாங்காடு | ஜனவரி 25

மேட்டில் பதினொரு கொடிக்குக் கட்டினேன் அக்கா. இரண்டில் காயில் கறுப்புக் குழி தெரிந்தது, வட்டவடை அண்ணன் சொன்னபடி அவிழ்த்துவிட்டேன். ஒன்பது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆனைகட்டி பஸ் நிறுத்தத்தில் இருப்பேன். கொழிஞ்சாம்பாறை அண்ணனுக்கு ஒரு படி. வேறு யாருக்காவது வேண்டுமென்றால் நாளைக்குள் சொல்லுங்கள், மீதியைச் செம்மண் கட்டப் போகிறேன்.